மாசி, பங்குனியில் காலியாகும் பத்தாம் வகுப்பு: ஒரு சிற்றூர் உயர்நிலைப் பள்ளியின் ஓராண்டு

கண்மாய்க்கரை | 21 ஏப்ரல் 2024

அனைவருக்கும் வணக்கம். இராமநாதபுரம் மாவட்டத்தின் மானாவாரிப் பகுதியில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறேன். ஆறு முதல் பத்து வரை ஐந்து வகுப்புகளிலும் சேர்த்து 83 பிள்ளைகள் படிக்கிறார்கள்; அவர்களில் 17 பேர் பத்தாம் வகுப்பு. நேற்று முன்தினம் எங்கள் வகுப்பறைகளில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு நடந்தது. பெஞ்சுகளை மீண்டும் ஒழுங்குபடுத்தப் போனபோது, பத்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை ஜூன் மாதத்திலிருந்து ஒரே மூச்சில் புரட்டிப் பார்த்தேன். அதில் கண்டதை இங்கே எழுதி, இதுபோன்ற பள்ளிகளில் படித்தவர்களும் பணியாற்றியவர்களும் என்ன செய்தீர்கள் என்று கேட்க விரும்புகிறேன்.

கடும் வெயிலால் திறப்பு தள்ளிப்போய், 2023 ஜூன் 12ஆம் தேதிதான் எங்களுக்குப் பள்ளி தொடங்கியது. முதல் இரண்டு வாரங்களில் எங்கள் கவனம் முழுவதும் ஆறாம் வகுப்பின் மீதுதான் இருக்கும். சுற்றியுள்ள மூன்று ஊர்களின் தொடக்கப் பள்ளிகளிலிருந்து வரும் பிள்ளைகள் ஊர் ஊராகத்தான் உட்காருவார்கள். பாடநூலும் நோட்டும் வாங்கி, பேருந்து அட்டைக்குப் படம் எடுத்து, சத்துணவு வரிசையில் தட்டை ஏந்தி நின்று பழகும்போதுதான் அந்தக் கோடு மெல்ல அழியும். சத்துணவு எங்களுக்குப் பெரிய பலம். பத்தாம் வகுப்பு வரை திட்டம் உண்டு என்பதால் பெரியவர்களும் சிறியவர்களும் ஒரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து உண்கிறார்கள்; ஐந்து நாளும் முட்டை கிடைக்கிறது.

ஜூலை 15ஆம் தேதி காமராசர் பிறந்தநாளைக் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடினோம். ஆடியிலும் ஆவணியிலும் பெற்றோர் புழுதி உழவுக்குப் போனார்கள்; வருகை குறையவில்லை. காலாண்டுத் தேர்வும் குழப்பமின்றி முடிந்தது. ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்தபோது கரைவழியாக வரும் பிள்ளைகள் செருப்பைக் கையிலும் புத்தகப் பையைத் தலையிலுமாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மழைக்கால வகுப்பின் மீது எனக்குத் தனி விருப்பம் உண்டு. தகரக் கூரையில் மழை கொட்டும்போது உரக்கப் பேசிப் பாடம் நடத்த இயலாது. ஆகவே ஒன்பதாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் ஒழுகாத ஓர் அறையில் சேர்த்து உட்கார வைப்போம், மூத்தவர்கள் இளையவர்களுக்குக் காரணிப்படுத்தலைத் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார்கள்.

அரையாண்டுத் தேர்வும் பொங்கலும் முடியும் வரை 17 பேரில் ஒரு நாளுக்கு ஒருவரோ இருவரோதான் வராமல் இருந்தார்கள். மாசி பிறந்ததும் பதிவேடு வேறொரு பள்ளியுடையதுபோல் மாறிவிட்டது. பிப்ரவரி நடுவிலிருந்து ஐந்து பேர், ஆறு பேர், சில நாட்களில் ஏழு பேர் வரவில்லை. திருப்புதல் தேர்வுகளும், 25 மதிப்பெண்ணுக்கான அறிவியல் செய்முறைத் தேர்வும் அந்த நாட்களில்தான் வருகின்றன. முண்டு மிளகாய்ப் பறிப்பும் அதே நாட்களில்தான். பெண் பிள்ளைகள் சிலர் பறிக்கப் போகிறார்கள். சிலர், அம்மா விடியலில் காட்டுக்குப் போய்விடுவதால், வீட்டில் சமைத்துத் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆண் பிள்ளைகளில் ஒருவன் கரிமூட்டத்திற்கும் இன்னொருவன் ஆட்டுக் கிடைக்கும் போனார்கள். வீடு வீடாகச் சென்று அழைத்தேன். இரண்டு நாள் வருவார்கள், மூன்றாம் நாள் இடம் காலியாக இருக்கும். பழத்தைச் செடியில் விட்டுவைக்க முடியாது, பொதுத்தேர்வையும் எங்களுக்காகத் தள்ளிவைக்க மாட்டார்கள். இதற்கு வழி கண்டவர்கள் எழுத வேண்டுகிறேன்.

பனையோலை | 22 ஏப்ரல் 2024

வணக்கம் சார். நான் சாயல்குடிப் பக்கத்துப் பனையேறிக் குடும்பத்தில் பிறந்தவள். இப்போது செவிலியராக இருக்கிறேன். நான் எட்டாம் வகுப்பை முடித்த 2010ஆம் ஆண்டில்தான் எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்ந்தது. ஆகவே அங்கே பத்தாம் வகுப்பு எழுதிய முதல் அணி நாங்கள். அந்த 2011-12ஆம் ஆண்டு வேறொரு வகையிலும் மறக்க முடியாதது. சமச்சீர் கல்வி வழக்கு நடந்துகொண்டிருந்ததால் பள்ளி திறந்த பின்னும் எங்களிடம் பாடநூல் இல்லை. ஆகஸ்ட் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் புத்தகம் கைக்கு வந்தது. அதுவரை எங்கள் தமிழாசிரியை கரும்பலகையில் கடிதமும் கட்டுரையும் எழுதிப் போட, நாங்கள் பார்த்து எழுதிக்கொண்டிருந்தோம். இன்றும் என் கையெழுத்து நன்றாக இருப்பதற்கு அந்த இரண்டு மாதங்களே காரணம் என்று நம்புகிறேன்.

உங்கள் பதிவேட்டில் மிளகாய் இருப்பதுபோல் எங்கள் பதிவேட்டில் பதநீர் இருந்தது. பங்குனி தொடங்கும் முன்பே குடும்பம் மொத்தமும் பனங்காட்டுக் குடிலுக்குப் போய்விடும். அப்பா விடியலில் ஏறி இறக்கும் பதநீரை அம்மா காய்ச்ச வேண்டும். பாகு பதம் வரும் வரை அடுப்பை விட்டு யாரும் நகர முடியாது, கொஞ்சம் கவனம் தப்பினாலும் அன்றைய உழைப்பு முழுவதும் அடிப்பிடித்துப் போகும். விறகு தள்ளுவது என் வேலை. ஒரு கையில் சமூக அறிவியல் புத்தகமும் இன்னொரு கையில் பனைமட்டையுமாக உட்கார்ந்திருப்பேன். அந்த ஆண்டு ஊரிலேயே மின்வெட்டு கடுமையாக இருந்தது. காட்டில் மின்சாரமே இல்லாததால் அது எனக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை.

நான் தேர்வெழுத முடிந்ததற்கு ஒரே காரணம், எங்கள் கணித ஆசிரியர் மாசிக்கு முன்பே குடும்பம் எந்தக் காட்டுக்குப் போகும் என்று கேட்டு எழுதிக்கொண்டதுதான். வராத நாளுக்கு அவர் கோபித்ததில்லை. வாரம் ஒருமுறை, ஐந்து கணக்குகள் எழுதிய தாளை என் ஊர்க்காரப் பையனிடம் கொடுத்துவிடுவார். நான் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். தாள் திரும்பவில்லையென்றால் மறுநாள் மிதிவண்டியில் அவரே காட்டுக்கு வந்து நிற்பார். அம்மா அவருக்குப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுப்பார். அவர் குடித்துவிட்டு மணலில் வட்டம் வரைந்து தொடுகோடு சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார்.

பழைய பதிவேடு | 24 ஏப்ரல் 2024

இருவரின் பதிவுகளையும் படித்தேன். மூன்று உயர்நிலைப் பள்ளிகளில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆசிரியர் நண்பர் ஆண்டை ஜூனில் தொடங்கியிருக்கிறார். சிறிய பள்ளிக்கு ஆண்டு ஏப்ரலிலேயே தொடங்கிவிடும். ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் வீட்டுத் திண்ணைகளில் போய் உட்கார்ந்து, வேன் அனுப்பும் தனியார் பள்ளிக்குப் போகவிருந்த இரண்டு மூன்று பேரையாவது நம் பக்கம் அழைத்து வந்தால்தான் ஆறாம் வகுப்பில் பதினைந்து தலை தெரியும். ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவரப்படி எண்ணும் மாணவர் தொகையை வைத்தே ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கப்படுகிறது. எண்ணிக்கை சரிந்தால் பணி நிரவலில் ஓர் ஆசிரியர் வேறு ஊருக்குப் போவார்; அவர் போன பாடத்தைச் சொல்லித்தர ஆளில்லை என்று அடுத்த ஆண்டு இன்னும் சில பிள்ளைகள் போவார்கள். அடுத்து வருவது பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல். பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி ஆகியவற்றில் ஒரு புள்ளி தவறினாலும் அந்தப் பிள்ளை இருபது ஆண்டுகள் கழித்துக் கடவுச்சீட்டு எடுக்கப் போகும்போது அழ வேண்டியிருக்கும் என்பதால், ஒவ்வொரு பெற்றோரையும் வரவழைத்து, வாய்விட்டுப் படித்துக்காட்டிய பிறகே கையொப்பம் வாங்குவேன்.

மிளகாய்தான் காரணம் என்ற முடிவை மட்டும் என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் பின்னத்தைக் கூட்டத் தெரியாமலே ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைக்கு, பத்தாம் வகுப்பின் ஒவ்வொரு திருப்புதல் தேர்வும் எல்லோர் முன்னிலையிலும் நேரும் ஓர் அவமானம். அந்தப் பிள்ளைக்கு மிளகாய்க் காடு புகலிடம். அங்கே அவள் திறமையான கை. வகுப்பறையில் பூச்சியம் வாங்கியவள். நண்பர் தம் பதிவேட்டை அரையாண்டு மதிப்பெண் பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மிளகாய்க்களம் | 27 ஏப்ரல் 2024

ஐயா அவர்களுக்கு வணக்கம். இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு எழுதியிருக்கும் ஒரு பெண்ணின் தகப்பன் நான். மூன்று ஏக்கரில் மிளகாய் போடுகிறேன். பிள்ளைகளைப் பெற்றோர் வேலைக்கு இழுக்கிறார்கள் என்று இவற்றைப் படிப்பவர்கள் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

எங்கள் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். ஆனால் பறிப்பதற்கு ஆள் கிடைப்பதில்லை. எல்லார் காட்டிலும் ஒரே நேரத்தில் பழுக்கிறது. ஒரு பறிப்பு முடிந்து சில நாளில் அடுத்த பழம் நின்றுவிடும். தாமதித்தால் செடியிலேயே வெம்பி நிறம் மங்கும், நிறம் மங்கினால் கமிஷன் கடையில் விலை இறங்கும். வட்டிக்கு வாங்கி விதைத்தவன் அந்த இறக்கத்தைத் தாங்க மாட்டான். என் மகள் இந்த ஆண்டு மொத்தம் ஒன்பது நாள் காட்டுக்கு வந்தாள். ஒவ்வொரு நாளும் எனக்குத் தெரியும், நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். பறித்த கையோடு இரவு படிக்க உட்கார்ந்தால் விரல் காந்தும், கண்ணைத் துடைக்க முடியாது, பேனா பிடிக்க முடியாது. அவள் அம்மா மோரில் கையைக் கழுவி விடுவாள். அதைப் பார்த்துக்கொண்டு எந்தத் தகப்பனும் நிம்மதியாகச் சோறு உண்ண மாட்டான்.

தலைமையாசிரியர் ஐயா சொல்லும் அவமானம் உண்மைதான். நானும் ஒன்பதாம் வகுப்பில் அப்படித்தான் நின்றேன். ஆனால் என் மகள் வகுப்பில் முதல் மூன்று பேருக்குள் வருபவள். அவள் படிப்பைக் கண்டு அஞ்சி ஓடவில்லை.

கண்மாய்க்கரை | 28 ஏப்ரல் 2024

ஐயா சொன்னபடி இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அடிக்கடி வராமல் இருந்தவர்கள் ஏழு பேர். அவர்களில் நான்கு பேர் அரையாண்டில் கணிதத்தில் 35 மதிப்பெண் எடுக்காதவர்கள். மூன்று பேர் நன்றாகப் படிப்பவர்கள். ஆகவே ஐயா சொன்னதும் சரி, நான் கண்டதும் சரி. இரண்டு வகைப் பிள்ளைகளையும் ஒரே காரணத்தில் அடைத்ததும், எல்லார் வீட்டுக்கும் ஒரே அறிவுரையைச் சுமந்துகொண்டு போனதும் என் தவறு. நன்றாகப் படிக்கும் மூவருக்குத் தாளும் நேரமும் கிடைத்தால் போதும்; பனையோலை அவர்களின் ஆசிரியர் செய்ததுபோல் நானும் செய்திருக்கலாம். மற்ற நால்வருக்குத் தேவைப்பட்டதை நான் ஜூனிலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

மிளகாய்க்களம் ஐயாவுக்கு: உங்கள் பதிவைப் படித்த பிறகு, பிப்ரவரி மாதத்தில் சில வீடுகளில் நான் பேசிய தொனியை நினைத்து வருந்துகிறேன்.

சோதனைக்குழாய் | 2 மே 2024

நான் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு பெரிய மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எல்லோரும் சிறிய பள்ளியை நேசத்தோடு எழுதுகிறீர்கள். அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் 83 பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி நடத்துவது அந்தப் பிள்ளைகளுக்கு நியாயம்தானா என்று கேட்கிறேன். என்னிடம் பதினொன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் சிலர், பத்தாம் வகுப்பு வரை ஒரு நுண்ணோக்கியைத் தொட்டதில்லை. ஒரு பீரோவுக்குள் இருக்கும் கண்ணாடிச் சாமான்களைச் செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம் மட்டும் பார்த்திருக்கிறார்கள். உடற்கல்வி ஆசிரியர் இல்லாததால் குறுவட்டப் போட்டிகளுக்குச் சரியான பயிற்சி இல்லாமலே வந்து நிற்கிறார்கள். ஓவியமோ இசையோ நிலையாகச் சொல்லித்தர ஆளில்லை. ஒரு பிள்ளைக்குக் கணித ஆசிரியரைப் பிடிக்காமல் போனால் ஐந்து ஆண்டுகளுக்கும் அவர் ஒருவரேதான். நல்ல பேருந்து வசதியோடு ஒன்பதையும் பத்தையும் அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளியோடு இணைத்தால் இந்தக் குறைகள் பெரும்பாலும் தீரும் என்பது என் கருத்து.

பனையோலை | 3 மே 2024

மேடம், நீங்கள் எழுதிய ஒவ்வொரு குறையும் உண்மை. நானும் நுண்ணோக்கியை முதன்முதலாகப் பதினொன்றாம் வகுப்பில்தான் பார்த்தேன். ஆனாலும் நீங்கள் சொல்லும் இணைப்பு எங்கள் ஊரில் ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. உயர்நிலைப் பள்ளி வருவதற்கு முன்பு ஒன்பதாம் வகுப்புக்கு ஒன்பது கிலோமீட்டர் போக வேண்டும். என் அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவர். எட்டாம் வகுப்பில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவர். பேருந்தில் போய் இருட்டிய பிறகு திரும்ப வேண்டும் என்பதால் அப்பா அனுப்பவில்லை. அக்காவோடு படித்த பெண்களில் ஒருவர்கூட ஒன்பதாம் வகுப்புக்குப் போகவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, அதே அப்பா, அதே வீடு. பள்ளி ஊருக்குள் இருந்ததால் என்னை அனுப்பினார். நான் பத்தில் தேறிய பிறகு, பதினொன்றாம் வகுப்புக்கு அதே ஒன்பது கிலோமீட்டரைப் போகவும் சம்மதித்தார். அரசு கொடுத்த மிதிவண்டியில் நான்கு பெண்கள் சேர்ந்து போனோம்.

பதினொன்றில் எனக்குச் சிரமமாக இருந்தது பாடம் அன்று, மதிய வேளை. பத்தாம் வகுப்பு வரை சூடாகச் சாப்பிட்டவளுக்குத் திடீரென்று சத்துணவு இல்லை. காலை ஆறரை மணிக்குக் கட்டிய சோறு ஒரு மணிக்குள் புளித்திருக்கும். என் அக்கா இன்றும் அந்தக் குடிலில்தான் பதநீர் காய்ச்சுகிறார்.

சோதனைக்குழாய் | 3 மே 2024

உங்கள் அக்காவைப் பற்றிப் படித்த பிறகு, இணைப்பு என்ற சொல்லை எளிதாக எழுதிவிட்டேன் என்று உணர்கிறேன். பள்ளியை ஊரிலேயே வைத்துக்கொண்டு, பிள்ளைகளை மாதத்தில் ஒரு நாள் எங்கள் ஆய்வகத்துக்கு அழைத்து வருவது இயலுமா என்று என் தலைமையாசிரியரிடம் கேட்கிறேன். உடற்கல்வியைப் பற்றிய என் கவலை மட்டும் தீரவில்லை.

கண்மாய்க்கரை | 11 மே 2024

நேற்று முடிவுகள் வந்தன. எங்கள் 17 பேரில் 15 பேர் தேர்ச்சி பெற்றார்கள். மற்ற இருவருக்கும் கணிதம் மட்டும் நின்றுவிட்டது. அந்த இருவரும் நான் முன்பு எழுதிய நால்வரில் உள்ளவர்கள்.

தேர்வு நாட்களைப் பற்றி எழுத விட்டுவிட்டேன். எங்கள் பள்ளியில் மையம் இல்லாததால், மார்ச் 26 முதல் ஏப்ரல் 8 வரை தேர்வு நாள்தோறும் முதல் பேருந்தில் பிள்ளைகளை அழைத்துச் சென்றோம். பத்து மணித் தேர்வுக்கு எட்டு மணிக்கே போய்ச் சேர்ந்துவிடுவோம். யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள் என்று தெரிந்து, எங்கள் சத்துணவு அமைப்பாளர் அம்மா தம் வீட்டிலிருந்து இட்லி கட்டிக் கொடுத்துவிடுவார். பெரிய பள்ளியின் மதிலோரம் அமர்ந்து அந்த 17 பேரும் ஒரே பொட்டலத்தைப் பகிர்ந்து உண்டது, இந்த ஆண்டில் என் மனத்தில் அதிகம் தங்கியிருக்கும் காட்சி.

பழைய பதிவேடு | 12 மே 2024

அந்த இருவரையும் துணைத் தேர்வுக்கு இப்போதே விண்ணப்பிக்கச் செய்யுங்கள். தோற்ற பிள்ளை முதல் வாரத்தில் வீட்டை விட்டு வெளியே வராது. இரண்டாம் வாரத்தில் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போகும் ஒருவரோடு பேருந்து ஏறிவிடும். நம் கையில் இருப்பது அந்த முதல் வாரம் மட்டுமே. மதிப்பெண்ணைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், வகுப்புக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.

கண்மாய்க்கரை | 16 ஜூன் 2024

ஐயா, இருவரும் வருகிறார்கள். மே மாதத்தில் என் வீட்டுத் திண்ணையில் படித்தார்கள். பள்ளி திறந்த பிறகு தாழ்வாரத்தில் உட்காருகிறார்கள். பின்னத்திலிருந்துதான் தொடங்கினோம். இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கு வந்தவர்களில் பின்னம் தெரியாத ஆறு பேர் அவர்களோடு மாலையில் சேர்ந்துகொள்கிறார்கள். பத்தாம் வகுப்புக் கணிதப் பாடத்தை மார்கழிக்குள் முடித்துவிடுவதாகவும், மாசியில் காட்டுக்குப் போகக்கூடியவர்களின் பெயரையும் காட்டையும் தையிலேயே கேட்டு எழுதிக்கொள்வதாகவும் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி வைத்திருக்கிறோம்.

மிளகாய்க்களம் | 17 ஜூன் 2024

ஐயா, மகள் பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் பிரிவில் சேர்ந்துவிட்டாள், காலை 7.10 பேருந்தில் போகிறாள். மதியத்துக்குப் புளிசாதமோ எலுமிச்சைச் சாதமோ கட்டிக் கொடுக்கிறோம், அது புளிப்பதில்லை. மகன் இந்த ஆண்டு உங்களிடம் எட்டாம் வகுப்பு. மாதம் ஆயிரம் ரூபாய் வீதம் நான்கு ஆண்டுக்குக் கிடைக்கும் என்கிறார்களே, அந்த உதவித்தொகைத் தேர்வுக்கு அவனை எழுத வைக்க வேண்டும். எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

கண்மாய்க்கரை | 17 ஜூன் 2024

விண்ணப்பம் வழக்கமாக டிசம்பர் வாக்கில் வரும். பள்ளி வழியாகவே அனுப்புவோம். வருமானச் சான்றிதழை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்புக்கான பயிற்சியை ஜூலை முதல் வாரத்தில் தொடங்குகிறேன். மாலை 4.30க்கு அவனை இருக்கச் சொல்லுங்கள், 5.40 பேருந்தில் நானே ஏற்றிவிடுகிறேன்.